ஆனைச்சுவடிக்கு வேறு பெயர் கிடையாது

சேசு மரி சூசை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
1917 ஆகஸ்டு 6, திங்கட்கிழமை

பட்சமுள்ள அண்ணன் சிரிலுக்கு, தங்கை பிரிஜெட் எழுதிக்கொண்டது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் தேவ கிருபையால் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஈஸ்டர் வாரத்தில் நீ எழுதியதற்குப் பிறகு கடிதம் இல்லை. அம்மா தினமும் தபால்காரரை வாசலில் நிறுத்தி, "எங்க வீட்டுது அடியில இருக்கும், நல்லா பாருங்க" என்கிறாள். நேற்று முன்தினம் அவர் பொறுக்க முடியாமல் பையையே கவிழ்த்துக் காட்டிவிட்டார். பஸ்ரா பட்டாள ஆஸ்பத்திரியில் காயம் அதிகம், உன்னைப்போலக் கட்டுப் போடுகிறவர்கள் குறைவு, அதனால் அண்ணனுக்கு நேரம் இருக்காது என்று நான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மைதான் என்று ஒரு வரி எழுதிவிடு.

அப்பாவுக்குப் பட்டாளத்துக் காக்கிச் சட்டை தைக்கிற வேலை குறையவில்லை. மிஷின் சத்தம் நின்றால்தான் இப்போது எனக்குத் திடுக்கென்கிறது. ஒரு சட்டைக்கு எட்டுக் காஜா, நாளைக்குப் பன்னிரண்டு சட்டை. சண்டை தொடங்கியபோது, ஒரு மாதம் காஜா எடுக்கட்டும், பிறகு பள்ளிக்குப் போகட்டும் என்று அப்பா என்னை நிறுத்தினார் இல்லையா? அந்த மாதம் இன்னும் முடியவில்லை. ஆறாம் வகுப்புப் பாதியில் விட்ட புத்தகத்தை மனப்பாடமாகவே சொல்வேன். கேட்க ஆள் இல்லை. கேட்டாலும் வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது, அது வேறு சங்கதி.

இனி என் ஆனைச்சுவடிச் செடியைப் பற்றி. தொம்மலூர் ஏரிக்கரையில் மூங்கில் நிழலில் தரையோடு அழுந்திக் கிடந்ததை நான் வேரோடு பெயர்த்து வந்ததும், அதை மண்ணெண்ணெய் டின்னில் வைத்ததும், அப்பா "காசு குடுத்து வாங்கின ரோஜாவே வாடுது, இவ களைக்குத் தண்ணி ஊத்தறா" என்றதும் உனக்கு நினைவிருக்கும். போன வருஷம் ஐப்பசியில் பூத்தது. இரண்டு தண்டு வந்தன. ஒன்றை மௌரீன் அத்தையின் ஆடு தின்றது. இன்னொன்றைக் காயவைத்துக் கிறிஸ்துமஸ் கடிதத்தில் உனக்கு அனுப்பினேன். "மான் கொம்பு மாதிரி கிளைத்துக் கிளைத்துப் போகிறது, வார்டில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள், என் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்" என்று நீ எழுதினாய்.

அந்தச் செடி இந்தக் கோடையில் இலையெல்லாம் கருகி மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. அம்மா டின்னைத் தூக்கிக் குப்பை மேட்டில் வைத்துவிட்டாள். "செத்த செடிக்கு எதுக்குடி தண்ணி?" என்று கேட்டாள். நான் டின்னை எடுத்து வந்து விரலால் மண்ணைக் கிளறினேன். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தது. மே மாத மழைக்குப் பிறகு ஒன்பது இலை விட்டிருக்கிறது. வட்டமாக, தரையை அமுக்கிக்கொண்டு, யானை மிதித்துவிட்டுப் போன இடம் போலவே.

இப்போது கேள், முக்கியமான செய்தி. நான் படித்த மிஷன் பெண்கள் பள்ளியில் இந்த மாதம் செடிக் காட்சி வைக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள், இந்தச் சீமையில் தானாக முளைக்கிற செடி ஒன்றை வளர்த்து, அதன் பெயரைச் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும். முதல் பரிசு பெறுகிற பெண்ணைப் பள்ளியில் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டு, போர்டிங்கில் சோறு போட்டு, டீச்சர் பரீட்சை வரை படிக்கவைப்பார்களாம். நோரா டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா மிஷினை நிறுத்தாமலே, "ஜெயிச்சா போகட்டும்" என்றார். ஜெயிக்கமாட்டேன் என்ற தைரியம் அவருக்கு.

அண்ணா, நான் ஜெயிக்கப் போகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே.

உன் பிரிய தங்கை
பிரிஜெட்


சேசு மரி சூசை

ரிச்சர்ட்ஸ் டவுன்
1917 ஆகஸ்டு 27, திங்கட்கிழமை

பட்சமுள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் படித்துவிட்டு, கடைசியில் நான் கேட்பதை அன்றைக்கே செய்ய வேண்டும். அதனால் சுக சமாசாரம் எல்லாம் அடுத்த கடிதத்தில்.

சனிக்கிழமை காட்சி. டின்னைச் சுற்றி அப்பாவின் காக்கித் துண்டைக் கட்டி, இடுப்பில் வைத்து நடந்தே போனேன். மொத்தம் பதினேழு செடி. தும்பை, கண்டங்கத்திரி, கீழாநெல்லி, இப்படி. எல்லாம் பூவோடும் காயோடும் நின்றன. என்னுடையதில் இலை மட்டும். அது ஐப்பசியில்தானே பூக்கும்? ஆனால் வளர்ப்பில் அதற்கு ஈடு எதுவும் இல்லை, நானே சொல்கிறேன். ஒவ்வொரு இலையும் ஒரு சாண். சீட்டில் அழகாக "ஆனைச்சுவடி, தொம்மலூர், மூன்றாம் வருஷம்" என்று எழுதி வைத்திருந்தேன்.

பரிசு கொடுக்கிறவர் ஹார்ட்லி துரைசானி. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் டின்னுக்கு முன்னால் நின்றார். பிறகு, அண்ணா, அத்தனை பேர் பார்க்க, அந்த வெள்ளை கவுனோடு புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். இலையைத் தடவினார். இங்கிலீஷில் என்னவோ சொன்னார், குரல் ஒரு மாதிரி இருந்தது. நோரா டீச்சர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இது அவங்க ஊர்ச் செடியாம். டாண்டிலயனாம். அவங்க வீட்டுப் புல்வெளி பூரா இதுதானாம். இங்கே வந்து பதினோரு வருஷத்துல இப்பதான் பார்க்கறாங்களாம். உனக்குத்தான் முதல் பரிசு!"

துரைசானி தம்முடைய படப் புத்தகத்தைத் திறந்து எனக்குக் காட்டினார். சிவப்பு மையால் என் சீட்டில் ஆனைச்சுவடியை அடித்துவிட்டு மேலே டாண்டிலயன் என்று எழுதினார். அங்கே ஒரு முறை உண்டு. திருத்திய சீட்டில் செடி வளர்த்தவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் பரிசு.

நான் படத்தைப் பார்த்தேன். டாண்டிலயனும் தரையோடுதான் படர்ந்திருக்கிறது, அது வரைக்கும் சரி. ஆனால் அதன் இலையில் பற்கள் ரம்பம் மாதிரி வேர்ப் பக்கம் திரும்பி நிற்கின்றன. என்னுடையதில் விளிம்பு சின்னச் சின்ன வளைவாகத்தான் போகிறது. படத்தில் இலை வழவழப்பு. என்னுடையதில் மேலும் கீழும் மயிர், கன்னத்தில் வைத்தால் அப்பாவின் தாடி. எனக்குப் பேச வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? ஒரு இலையைக் கிள்ளினேன். புத்தகத்தில் கிள்ளிய தண்டில் பால் சொட்டுவதாகப் படம் இருந்தது. என் இலையில் பால் இல்லை. அதை அவர் கையில் கொடுத்தேன்.

துரைசானி சிரித்தார். மழை போதாததால் பால் வற்றியிருக்கும் என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. என் தோளைத் தட்டி, பேனாவை நீட்டினார். அவர் மகனும் சண்டைக்குத்தான் போயிருக்கிறானாம், பிரான்சில். அவருடைய சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நோரா டீச்சர் என் காதருகே வந்து, "ஏம்மா, ஒரு பேருதானே? போட்டுடு. உள்ள வந்தப்புறம் நீ என்ன வேணாலும் கூப்பிட்டுக்கோ" என்றார். "நாலு எழுத்துல உன் கையெழுத்து, அதுக்குள்ள ஸ்கூலே இருக்கு" என்றும் சொன்னார். அப்பாவும் வந்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, போடு போடு என்று கையால் எழுதிக் காட்டினார்.

நான் போடவில்லை.

தலையை மட்டும் ஆட்டினேன். பேனாவைப் புத்தகத்தின் மேல் வைத்தேன். டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் யாரோ "என்ன திமிரு பாரு" என்றார்கள். மௌரீன் அத்தை குரல் மாதிரி இருந்தது.

வீட்டில் நடந்ததை எழுதினால் நீளும். அப்பா சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "வாயில வார்த்தை வராதவளுக்கு வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்ல." ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா எனக்கு மட்டும் கருவாடு வைக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து நோரா டீச்சர் என்னைப் பிடித்தார். துரைசானிக்கு வருத்தமாம், கோபமில்லையாம். செப்டம்பர் கடைசி வரை பரிசை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பாராம். அதற்குள் நான் கையெழுத்துப் போடலாம், அல்லது அது வேறு செடி என்று காட்டலாம். டீச்சர் இதைச் சொல்லிவிட்டு, "காட்ட என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டார். செடி பூக்க அக்டோபராகும். போன வருஷத் தண்டு இருந்தால் போதும். பூ உதிர்ந்தாலும் பூவுக்கு அடியில் இதய வடிவில் மூன்று இலை காய்ந்து அப்படியே நிற்கும். டாண்டிலயனுக்கு அது கிடையாது. அதன் தண்டு கிளைப்பதும் இல்லை.

அந்தத் தண்டு உன் நோட்டுக்குள் இருக்கிறது, அண்ணா.

உடனே அனுப்பு. ஒடிந்திருந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்று இலை இருந்தால் போதும். எழுத நேரமில்லை என்றால் எழுத வேண்டாம். தண்டை மட்டும் உறையில் போட்டு, மேலே விலாசம் எழுதி அனுப்பு.

உன் வீம்புக்காரத் தங்கை
பிரிஜெட்


சேசு மரி சூசை

ரிச்சர்ட்ஸ் டவுன்
1917 நவம்பர் 3, சனிக்கிழமை

பட்சமுள்ள அண்ணனுக்கு,

ஆகஸ்டில் நான் எழுதிய இரண்டு கடிதமும் செப்டம்பர் கடைசியில் திரும்பி வந்துவிட்டன. உறை பிரிக்கவில்லை. மேலே நீலப் பென்சிலால் ஏதோ கிறுக்கி, நாலு முத்திரை. அவற்றையும் இதோடு வைத்து அனுப்புகிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வா, அப்போதுதான் புரியும். அதே விலாசம்தான் எழுதுகிறேன். எனக்கு உன்னுடைய வேறு விலாசம் தெரியாது.

அவை வந்த நாலாம் நாள் பட்டாள ஆபீசிலிருந்து அப்பாவுக்கு ஒரு காகிதம் வந்தது. நீ இருந்த ஆஸ்பத்திரிப் படகு ஏப்ரல் மாதம் ஆற்றில் மேலே போனது, அதற்குப் பிறகு விவரம் இல்லை என்று இருந்தது. நான் அதை ஏழு தடவை படித்தேன். "விவரம் இல்லை" என்றுதான் இருக்கிறது. வேறொன்றும் அதில் எழுதியில்லை. நம் வீட்டில்தான் அதை வேறு விதமாகப் படிக்கிறார்கள். அம்மா தபால்காரரை நிறுத்துவதை விட்டுவிட்டாள். இப்போது அவரை நான் நிறுத்துகிறேன். எனக்குப் பேச வராததால் வழியில் போய் நிற்கிறேன், அவரே பையைக் காட்டுகிறார்.

செப்டம்பர் முடிந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. தும்பை வளர்த்த பெண் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். நல்ல பெண், தும்பையும் நல்ல தும்பை.

அக்டோபர் பதினெட்டாம் தேதி என் செடி பூத்தது. நாலு தண்டு! ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, மறுபடி இரண்டாகப் பிரிந்து, நுனியில் மூன்று இலைகளுக்கு நடுவில் ஊதா நிறம். போன வருஷம் நான் சரியாகப் பார்க்கவில்லை, இந்த வருஷம் ஊசியால் பிரித்துப் பார்த்தேன். ஒரு பூ என்று நினைப்பது நாலு பூ சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கிழிந்து, விரித்த கை மாதிரி இருக்கிறது. அப்படி எத்தனையோ நாலுகள் சேர்ந்துதான் ஒரு கொத்து. சாமந்தியைப் பிரித்தாலும் இப்படித்தான் பூவுக்குள் பூவாக வருகிறது, இரண்டும் ஒரே வம்சமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டாண்டிலயனும் அதே வம்சமாக இருக்கலாம். ஆனால் சித்தப்பா பிள்ளையை அண்ணன் என்று கூப்பிட்டாலும், பள்ளிப் பதிவில் உன் இடத்தில் அவன் பெயரையா எழுதுவோம்?

டின்னைத் தூக்கிக்கொண்டு ஹார்ட்லி துரைசானி பங்களாவுக்குத் தனியாகப் போனேன். நாய் குரைத்தது, பட்லர் "யாரு, என்ன வேணும்?" என்றார். நான் வராந்தாவில் டின்னை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டேன். துரைசானி வந்தார். கறுப்பு உடுப்பில் இருந்தார். நான் கேட்கவில்லை, பட்லர்தான் பிறகு மெதுவாகச் சொன்னார், மகன் செய்தி செப்டம்பரில் வந்ததாம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து, மூன்று இலைகளையும் விரலால் தொட்டு எண்ணினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், அந்தப் பழைய சீட்டைக் கொண்டுவந்தார். எறியாமல் வைத்திருந்திருக்கிறார். சிவப்பு எழுத்தைத் தாமே அடித்து, கீழே தம் கையெழுத்தைப் போட்டு என்னிடம் கொடுத்தார். ஆனைச்சுவடி என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கு வரவில்லை. மூன்றாம் தடவை கொஞ்சம் வந்தது. நான் ஒரு தண்டை ஒடித்துக் கொடுத்தேன்.

சீட்டு வந்தது, பள்ளி வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நோரா டீச்சர் சொல்கிறார். அன்று வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், பிறகு பதினெட்டுக் காஜா எடுத்தேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

இனி எழுதப் போவதற்கு நீ என்னைக் கோபிக்கக் கூடாது, அப்பாவையும் கோபிக்கக் கூடாது.

நேற்று கல்லறைத் திருநாள். உனக்குத் தெரியும், முந்தின வாரமே கோயில் வாசலில் உபதேசியார் ஆம்ப்ரோஸ் தகரப் பெட்டி வைப்பார், அவரவர் வீட்டில் இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள், பூசையில் சுவாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். தாத்தா பெயர், பாட்டி பெயர், நமக்கு முன் பிறந்து போன பாப்பாவின் பெயர் மூன்றும் நாம் வருஷா வருஷம் போடுவதுதான். இந்த வருஷம் அப்பா சீட்டு எழுதி மடித்ததை நான் பார்த்தேன். நாலு வரி இருந்தது.

அண்ணா, நாலாவது உன் பெயர்.

வியாழக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போகும்வரை நின்று, உபதேசியாரிடம் போனேன். அவர் பெட்டியைத் திறந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன், நீ நம்பமாட்டாய். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்குப் பேச்சு வருமா!" என்றார். பிறகு, "போட்டது உங்கப்பன். திருப்பிக் கேக்க நீ யாரு?" என்றார். "தங்கச்சி" என்றேன். "அதுக்கு?" என்றார். "அண்ணன் போனதை யார் பார்த்தாங்க? பார்த்தவங்க பேரை அந்தச் சீட்டுல எழுதுங்க, நான் போயிடறேன்" என்றேன். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் தம்பியும் உன்னோடுதானே கப்பல் ஏறினார், எனக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. கடைசியில் அவரே எங்கள் சீட்டைத் தேடி எடுத்து, பேனாவை என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை பேனாவை வாங்கினேன். நாலாம் வரியை அடித்தேன், அடியில் என் பெயரை எழுதினேன்.

நேற்று சுவாமியார் வாசிக்கும்போது அப்பா தலை குனிந்து, பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தாத்தா வந்தார், பாட்டி வந்தாள், பாப்பா வந்தது. அடுத்து வேறு வீட்டுப் பெயர். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், அதற்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தூரம் அப்பா வேகமாக நடந்தார். பிறகு முன்னால் பார்த்தபடியே, "பேரை எழுதிப் போட்டுட்டா தூக்கம் வரும்னு நெனச்சேன்" என்றார். இன்னும் கொஞ்சம் நடந்து, "அந்தச் செடி பூத்துச்சாமே, எங்க வெச்சிருக்கே?" என்று கேட்டார். காட்டினேன். காக்கித் துண்டு நைந்திருக்கிறது என்று சொல்லி, புதுத் துண்டு வெட்டித் தாமே கட்டினார். இன்று காலையில் தபால்காரர் வந்தபோது அம்மாவும் வாசலுக்கு வந்தாள்.

அண்ணா, அந்தக் காய்ந்த தண்டு இனி எனக்குச் சாட்சிக்கு வேண்டியதில்லை. ஆனாலும் அதை அனுப்பு. உன் நோட்டு ஆற்றில் போயிருந்தால், தண்டும் போயிருந்தால், அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம், என்னிடம் இன்னும் மூன்று இருக்கின்றன. வெறும் உறையை ஒட்டி அனுப்பு. உள்ளே ஒன்றும் வேண்டாம். மேலே விலாசம் உன் கையெழுத்தில் இருக்கட்டும்.

மாதா உன்னைக் காப்பாள். தபால் வழியில் நான் நிற்கிறேன்.

உன் தங்கை
பிரிஜெட்